பிவட் டேபிளில் சிவப்பு சரியான வரியில் நிற்க: ஃபார்முலா வைத்து நிறம் போடும் முறை

கேள்வி, சுருக்கமாக: காரைக்குடியில் பலகாரம் போட்டு, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் மூன்று கடைக்கும் அனுப்புகிறார்கள். அனுப்பிய கிலோ, விற்காமல் திரும்பிய கிலோ இரண்டையும் தினமும் எக்செலில் ஏற்றி, பிவட் டேபிளில் தொகுக்கிறார்கள். திரும்பியது 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் செல் சிவப்பாக வேண்டும். ஃபார்முலா போட்ட அன்றைக்குச் சரியாக இருக்கிறது. ரெஃப்ரெஷ் செய்தபின் சிவப்பு வேறு வரியில் நிற்கிறது, கடை மொத்தமும் சிவக்கிறது, சரக்கே திரும்பாத இடத்தில் போட்டிருக்கும் ‘-’ கோடும் சிவக்கிறது. புதிதாகச் சேர்த்த பலகாரத்துக்கு நிறமே வருவதில்லை.

பதில்:

இந்த நான்கு கோளாறுக்கும் வேர் ஒன்றே. கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் (நிபந்தனை பார்த்துச் செல்லுக்கு நிறம் போடும் வசதி) எழுதும் ஃபார்முலாவுக்கு இடம் மட்டும்தான் தெரியும். ‘சி பத்தி, 5ஆம் வரி’ என்றால் அதற்குப் புரியும்; ‘தேவகோட்டைக்குப் போன அதிரசம்’ என்றால் புரியாது. பிவட் டேபிளில் அந்த இடம் நிலையாக இருப்பதில்லை. ஒரு பலகாரம் கூடினால் கீழே உள்ளதெல்லாம் ஒரு வரி இறங்கும்; ஒரு ஃபீல்டை (கடை, பலகாரம் போன்ற தலைப்பை) இழுத்துப் போட்டால் பத்திகள் நகரும். ஆகவே இரண்டு வேலை செய்ய வேண்டும். ரூலை, அதாவது நிறம் போடும் விதியை, செல்லோடு கட்டாமல் ஃபீல்டோடு கட்ட வேண்டும். ஃபார்முலா கிலோவைப் பார்க்கும் முன், தான் நிற்பது எந்த மாதிரி செல் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழே ஃபார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படியே தந்திருக்கிறேன். ஆண்ட், இஸ்நம்பர், விலுக்அப் என்று வருவதையும், பத்திப் பெயர்களான ஏ, பி, சி, டி, இ என்பவற்றையும் தாளில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். டாலர் குறி, அடைப்பு, காற்புள்ளி எல்லாம் இருக்கிறபடியே போக வேண்டும்.

முதலில் டேபிளின் அமைப்பு. எக்செல் தானாகப் போட்டுக் கொடுக்கும் காம்பாக்ட் அமைப்பில் கடைப் பெயரும் பலகாரப் பெயரும் ஒரே ஏ பத்தியில் மேலும் கீழுமாக நிற்கும். அந்த அமைப்பில், ‘இது எந்தக் கடையின் வரி’ என்று ஃபார்முலாவால் கேட்க முடியாது. டிசைன் என்ற டேப்பில் ரிப்போர்ட் லேஅவுட் என்பதைத் திறந்து, ஷோ இன் டேபுலர் ஃபார்ம் கொடுங்கள். அதே பட்டியலில் இருக்கும் ரிப்பீட் ஆல் ஐட்டம் லேபிள்ஸ் என்பதையும் கொடுங்கள்; எக்செல் 2010 முதல் இது இருக்கிறது. இப்போது ஏ பத்தியில் கடை, பி பத்தியில் பலகாரம், சி பத்தியில் அனுப்பிய கிலோ, டி பத்தியில் திரும்பிய கிலோ என்று வந்துவிடும். ஒவ்வொரு வரியும் தன் கடைப் பெயரைத் தானே தாங்கி நிற்கும். தலைப்பு 4ஆம் வரியிலும் விவரம் 5ஆம் வரியிலிருந்தும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

5: காரைக்குடி, அதிரசம், 120, 6
6: காரைக்குடி, சீப்புச் சீடை, 90, 9
7: காரைக்குடி, தேன்குழல், 150, 4
8: காரைக்குடி டோட்டல், (காலி), 360, 19
9: தேவகோட்டை, அதிரசம், 60, -
10: தேவகோட்டை, சீப்புச் சீடை, 40, 3
11: தேவகோட்டை, தேன்குழல், 75, 8
12: தேவகோட்டை டோட்டல், (காலி), 175, 11

இதில் சிவக்க வேண்டியவை இரண்டுதான். 6ஆம் வரியில் 90க்கு 9, அதாவது 10 சதவீதம். 11ஆம் வரியில் 75க்கு 8, அதாவது 10.7 சதவீதம். 10ஆம் வரி 7.5 சதவீதத்தில் தப்பிக்கிறது.

இனி ரூல். டி5 செல்லை மட்டும் சொடுக்குங்கள். பத்தி முழுவதையும் தேர்வு செய்ய வேண்டாம். ஹோம், கண்டிஷனல் ஃபார்மேட்டிங், நியூ ரூல் என்று போங்கள். செல் பிவட் டேபிளின் எண் பகுதிக்குள் இருப்பதால், பெட்டியின் மேலே அப்ளை ரூல் டு என்று மூன்று தேர்வுகள் வரும். சாதாரணத் தாளில் இவை வராது. 2007 பதிப்பில் பிவட் டேபிளுக்கென்றே சேர்த்தவை. பலர் இந்த இடத்தைக் கவனிக்காமல் கீழே இறங்கிவிடுகிறார்கள். உங்கள் தொல்லையில் பாதி இங்கேதான் பிறந்திருக்கிறது.

முதல் தேர்வு செலக்டட் செல்ஸ். ரூல் அந்தச் செல்களோடு நின்றுவிடும். புதுப் பலகாரத்துக்கு நிறம் வராததற்குக் காரணம் இதுதான். இரண்டாவது தேர்வு, ‘திரும்பியது’ என்ற மதிப்பைக் காட்டும் எல்லாச் செல்களையும் பிடித்துக்கொள்ளும். எல்லாம் என்றால் கடை மொத்தமும், கடைசி கிராண்ட் டோட்டலும் சேர்த்துத்தான். மூன்றாவதும் அதே வாசகத்தில்தான் தொடங்கும். கடைசியில் ஃபார் என்று போட்டு ‘பலகாரம்’ ஃபீல்டின் பெயர் வரும். மொத்த வரிகளை ஒதுக்கிவிட்டு, பலகார அளவில் உள்ள செல்களை மட்டும் அது பிடிக்கும். நாளைக்கு மணகோலம் என்று ஒரு வரி கூடினாலும், மூன்றாவது கடைக்கு முன்னால் நான்காவது கடை வந்து உட்கார்ந்தாலும் ரூல் தானாக நீளும். உங்களுக்கு வேண்டியது இந்த மூன்றாவது.

அதைத் தேர்ந்தபின் கீழே உள்ள ரூல் வகைகளில் யூஸ் எ ஃபார்முலா என்று தொடங்குவதை எடுத்து, இதை அடியுங்கள்:

=ஆண்ட்(இஸ்நம்பர்($டி5),$டி5>என்($சி5)*0.08)

இந்த வரியில் ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் உண்டு. ‘-’ ஏன் சிவந்தது என்று கேட்டிருந்தீர்கள். பிவட் டேபிள் ஆப்ஷன்ஸில் ஃபார் எம்ப்டி செல்ஸ் ஷோ என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோடு எழுத்து. எக்செல் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எப்போதும் எழுத்துதான் பெரியது என்று சொல்லும். ‘-’ பெரியதா, 4.8 பெரியதா என்று கேட்டால் கோடுதான் பெரியது என்று பதில் வரும், செல் சிவக்கும். இஸ்நம்பர் இருந்தால் எண் இல்லாத செல் அந்த இடத்திலேயே கழிந்துவிடும். காலிச் செல்லைக் காலியாகவே விட்டிருந்தால் வேறு வகையில் மாட்டிக்கொள்வீர்கள்: காலியை எக்செல் 0 என்று எடுத்துக்கொள்ளும். ‘10 கிலோவுக்குக் கீழே விற்றால் சிவப்பு’ என்று ரூல் போட்டால் அந்தக் கடைக்கே போகாத பலகாரம் எல்லாம் சிவக்கும். இரண்டுக்கும் மருந்து இஸ்நம்பர்தான்.

வகுக்காமல் பெருக்கியிருப்பதைக் கவனியுங்கள். $டி5/$சி5>0.08 என்று எழுதினால், சி5 காலியாக இருக்கும்போது பூஜ்ஜியத்தால் வகுத்த பிழை வரும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் பிழை வந்தால் எச்சரிக்கை எதுவும் கிடையாது. ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். போன மாதக் கடைசியில் அனுப்பிய சரக்கு இந்த மாதம் 1ஆம் தேதி திரும்பினால், அனுப்பியது காலி, திரும்பியது 2 கிலோ என்று ஒரு வரி வரும். நீங்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய வரி அது. வகுத்தால் நிறமில்லாமல் ஒளிந்துகொள்ளும். பெருக்கினால் 2 என்பது 0ஐ விடப் பெரியது, சிவக்கும். சி5 இல் கோடு இருந்தால் பெருக்கலிலும் பிழை வருமே என்றால், அதற்காகத்தான் என் என்ற ஒற்றையெழுத்து ஃபங்ஷன். எண்ணை எண்ணாகவே தரும், எழுத்தை 0 ஆக்கிவிடும்.

அடுத்து, சிவப்பு வேறு வரியில் நிற்பது. ஃபார்முலாவில் உள்ள 5 என்பது, நீங்கள் ரூல் எழுதும் நேரத்தில் எந்தச் செல்லில் நிற்கிறீர்களோ அதிலிருந்து கணக்கிடப்படும். டி9 இல் நின்றுகொண்டு $டி5 என்று எழுதினால், ‘எனக்கு நான்கு வரி மேலே பார்’ என்று எக்செல் அர்த்தம் செய்துகொள்ளும். 6ஆம் வரிக்கு வர வேண்டிய சிவப்பு 10ஆம் வரியில் வரும். எத்தனை வரி தள்ளி நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தால், எங்கே நின்று எழுதினீர்கள் என்பது தெரிந்துவிடும். மேனேஜ் ரூல்ஸில் உங்கள் ஃபார்முலாவுக்குள் 1048573 போல ஒரு பெரிய எண் தெரிந்தாலும் இதே கோளாறுதான். தாளின் முதல் வரிக்கும் மேலே பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள், எக்செல் சுற்றிக்கொண்டு கடைசி வரிக்குப் போயிருக்கிறது.

அந்தப் பெட்டியில் அடிக்கும்போது இன்னொரு எரிச்சலும் வரும். திருத்துவதற்காக அம்புக்குறி விசையை அழுத்தினால் கர்சர் நகராமல் ஏதோ ஒரு செல் முகவரி உள்ளே விழும். எஃப்2 ஒருமுறை அழுத்திவிட்டால் அம்புக்குறி கர்சரை நகர்த்தும். செல்லைச் சொடுக்கி முகவரி எடுத்தால் $டி$5 என்று இரண்டு டாலரோடு வரும். அப்படியே விட்டால் எல்லா வரியும் 5ஆம் வரியையே பார்க்கும், டேபிள் முழுவதும் சிவக்கும் அல்லது ஒன்றுமே சிவக்காது. எஃப்4 அழுத்தி, எண்ணுக்கு முன்னால் உள்ள டாலரை எடுத்துவிடுங்கள்.

ஃபார்முலாவை நேராக ரூல் பெட்டியில் எழுதாமல், முதலில் தாளிலேயே சோதிப்பது நல்லது. டேபிளுக்கு வலப்பக்கம் இரண்டு பத்தி தள்ளி, 5ஆம் வரியில் அதே ஃபார்முலாவைக் கையால் அடித்துக் கீழே இழுங்கள். ட்ரூ, ஃபால்ஸ் என்று வரிசையாக வரும். 6, 11 இரண்டிலும் ட்ரூ வர வேண்டும். 8, 12 ஆகிய மொத்த வரிகளில் என்ன வருகிறது என்பதை இங்கே பொருட்படுத்த வேண்டாம். அவற்றை ரூலின் மூன்றாவது தேர்வு ஒதுக்கிவிடும். பிழை எங்காவது இருந்தால் இங்கே கண்ணுக்குத் தெரியும். ரூலுக்குள் போய்விட்டால் தெரியாது. சரியானபின் 5ஆம் வரியில் உள்ளதை நகலெடுத்து ரூலில் ஒட்டிவிட்டு, சோதனைப் பத்தியை அழித்துவிடுங்கள்.

கடை மொத்தத்துக்குத் தனி வரம்பு வேண்டும் என்றால் தனி ரூல் போட வேண்டும், அது நியாயமும்கூட. ஒரு பலகாரத்தில் 8 சதவீதம் பொறுக்கலாம். கடை முழுவதும் சேர்த்து 5 தாண்டினால் அனுப்பும் அளவே தவறு. டி8 இல் நின்று நியூ ரூல் கொடுங்கள். மூன்றாவது தேர்வின் வாசகத்தில் இப்போது ‘பலகாரம்’ இல்லாமல் ‘கடை’ என்ற ஃபீல்டின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, 8ஆம் வரியை வைத்து அதே ஃபார்முலாவை 0.05 போட்டு எழுதுங்கள். நிறம் ஆரஞ்சு. காரைக்குடி 360க்கு 19, 5.3 சதவீதம், நிறம் வரும். தேவகோட்டை 6.3, அதற்கும் வரும்.

இனி பத்தி நகரும் தொல்லை. மூன்றாவது தேர்வு, எங்கே நிறம் போடுவது என்பதை ஃபீல்டோடு கட்டிவிட்டது. ஆனால் ஃபார்முலாவுக்குள் இருக்கும் $சி, $டி இரண்டும் அப்படியே சி, டி தான். யாராவது நடுவில் ‘விலை’ ஃபீல்டை இழுத்துப் போட்டால், திரும்பியது ஒரு பத்தி தள்ளிப் போகும், நிறம் அதோடு சரியாகப் போகும், ஒப்பீடு மட்டும் வேறு பத்தியோடு நடக்கும். இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் நிறம் வந்துகொண்டுதான் இருக்கும், தவறு என்று யாருக்கும் தோன்றாது.

இதற்கு இரண்டு வழி. பிவட் டேபிளுக்குள்ளேயே விகிதத்தைக் கொண்டுவந்துவிடுவதுதான் எனக்கு உறுதியாகத் தோன்றும் வழி. பிவட் டேபிள் அனலைஸ் என்ற டேப்பில் ஃபீல்ட்ஸ், ஐட்டம்ஸ் அண்ட் செட்ஸ் என்பதற்குள் கால்குலேட்டட் ஃபீல்ட் இருக்கிறது. பெயர் ‘திரும்பல் வீதம்’ என்று வைத்து, ஃபார்முலாவில் திரும்பியது வகுத்தல் அனுப்பியது என்று கொடுங்கள். பெயர்களைக் கையால் அடிக்காமல் பட்டியலில் இருமுறை சொடுக்கி ஏற்றுங்கள். இந்த ஃபீல்ட் முதலில் கூட்டிவிட்டுப் பிறகுதான் வகுக்கும். அதனால் காரைக்குடி மொத்தத்தில் 360க்கு 19 என்று 5.3 சதவீதம் சரியாக வரும். மூன்று பலகாரத்தின் சதவீதங்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் வரும் 5.9 அல்ல. வீதம் இ பத்தியில் வந்தால் ரூல் தன் செல்லை மட்டும் பார்த்தால் போதும்:

=ஆண்ட்(இஸ்நம்பர்(இ5),இ5>0.08)

பக்கத்துப் பத்தியின் முகவரியே இதில் இல்லை. எந்தப் பத்தி எங்கே நகர்ந்தாலும் இது பிசகாது. அனுப்பியது காலியான வரியில் மட்டும் வகுத்தல் பிழை எழுந்து நிற்கும். அந்தப் பிழை கண்ணுக்குத் தெரிவதால் ஒளிவதற்கு வழியில்லை, விட்டுவிடலாம். டேட்டா மாடலில் (பல பட்டியல்களை இணைத்து வைக்கும் எக்செல் வசதி) சேர்த்து உருவாக்கிய பிவட் டேபிளில் கால்குலேட்டட் ஃபீல்ட் வேலை செய்யாது. அங்கே அதற்குப் பதிலாக மெஷர் என்ற கணக்கு ஃபார்முலா எழுத வேண்டும்.

வீதப் பத்தி வேண்டாம், கிலோ மட்டும்தான் தெரிய வேண்டும் என்றால் இரண்டாவது வழி: பத்தியை எழுத்தால் அழைக்காமல் தலைப்பால் அழைப்பது.

=ஆண்ட்(இஸ்நம்பர்(டி5),டி5>0.08*என்(இண்டெக்ஸ்($ஏ5:$இசட்5,மேட்ச்("அனுப்பிய கிலோ",$ஏ$4:$இசட்$4,0))))

4ஆம் வரியில் ‘அனுப்பிய கிலோ’ என்ற தலைப்பு எந்தப் பத்தியில் இருந்தாலும் மேட்ச் தேடிப் பிடிக்கும். இதில் ஒரு சின்னப் பொறி உண்டு. மூலத்தில் ‘அனுப்பியது’ என்று ஃபீல்ட் இருக்கும்போது பிவட் தலைப்பையும் ‘அனுப்பியது’ என்றே மாற்ற எக்செல் விடாது, அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கும். அதைச் சமாளிக்கப் பலர் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு அடிப்பார்கள். பார்வைக்கு ஒன்றாக இருக்கும், மேட்ச் கண்டுபிடிக்காது, பிழை, நிறமே வராது. ‘அனுப்பிய கிலோ’ என்று வேறு பெயராகவே வைத்துவிடுவது நிம்மதி.

எல்லாப் பலகாரத்துக்கும் ஒரே 8 சதவீதம் வைப்பது சரியா என்பதையும் யோசியுங்கள். தேன்குழல் டப்பாவில் தாங்கும் நாள் வேறு, அதிரசம் தாங்கும் நாள் வேறு. ‘வரம்பு’ என்று தனித் தாள் போட்டு, ஏ பத்தியில் பலகாரத்தின் பெயரும் பி பத்தியில் அதன் வரம்பும் எழுதிவிடுங்கள். பிவட் டேபிள் இருக்கும் தாளிலேயே ஓரமாக எழுதுவது வேண்டாம். டேபிள் அகலும்போது மேலே ஏறிவிடும். வீதப் பத்தி இ யில் இருக்கும்போது ரூல் இப்படி ஆகும்:

=ஆண்ட்(இஸ்நம்பர்(இ5),இ5>இஃப்எரர்(விலுக்அப்($பி5,வரம்பு!$ஏ:$பி,2,ஃபால்ஸ்),0.08))

பட்டியலில் இல்லாத பலகாரத்துக்கு 8 சதவீதம் எடுத்துக்கொள்ளும். வேறு தாளை நேரடியாகச் சுட்ட எக்செல் 2010 முதல் முடியும்; வேறு ஃபைலைச் சுட்ட முடியாது. ‘வரம்பு’ பட்டியலை டேபிளாக மாற்றியிருந்தால் அதன் பத்திப் பெயர்களை ரூலில் எழுத எக்செல் விடாது. அந்தப் பகுதிக்கு நேம் மேனேஜரில் ஒரு பெயர் கொடுத்து, அந்தப் பெயரை எழுதுங்கள்.

பெயர் பொருந்தாமல் போவதைக் காட்டவும் ஒரு ரூல் வைத்துக்கொள்ளுங்கள், மஞ்சள் நிறத்தில்:

=கவுன்ட்இஃப்(வரம்பு!$ஏ:$ஏ,$பி5)=0

தமிழில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது மிகவும் தேவை. ‘சீப்புச் சீடை’, ‘சீப்பு சீடை’, ‘சீப்புசீடை’ மூன்றும் எக்செலுக்கு மூன்று பலகாரம். துணைக்கால் போட வேண்டிய இடத்தில் ‘ர’ அடித்தால் பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது, எக்செலுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல் பாமினி. ஒருவர் பாமினி எழுத்துருவிலும் இன்னொருவர் யூனிகோடிலும் அடித்தால், தாளில் இரண்டும் ‘அதிரசம்’ என்றே தெரியும். உள்ளே முதலாவது வெறும் ஆங்கில எழுத்துக்கோவை. இரண்டும் ஒருபோதும் பொருந்தாது. சந்தேகம் இருந்தால் அந்தச் செல்லின் எழுத்துருவை ஏரியல் என்று மாற்றிப் பாருங்கள். ஆங்கில எழுத்து சிதறினால் அது பாமினி. பேரேடும் ஐந்தொகையும் பிசகாமல் எழுதிய ஊர்க்காரர்கள் நாம். பற்று வைக்கும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற கண்டிப்பு அன்றைய ஏட்டுக்கு இருந்ததுபோல இன்றைய தாளுக்கும் வேண்டும். மூலத் தாளில் டேட்டா வேலிடேஷன் வைத்து, பெயரைப் பட்டியலிலிருந்து மட்டும் தேர்வு செய்யும்படி கட்டிவிடுங்கள்.

மாதங்களைப் பத்தியாகப் போட்டு, போன மாதத்தைவிட 20 சதவீதம் குறைந்தால் நிறம் என்று வைப்பது பலரும் விரும்புவது. ஏ பத்தியில் பலகாரம், பி பத்தியில் முதல் மாதம் என்றால், பி5 இல் நின்று எழுதுவது:

=ஆண்ட்(இஸ்நம்பர்(ஏ5),இஸ்நம்பர்(பி5),பி5<ஏ5*0.8)

இங்கே டாலரே இல்லை, இருக்கவும் கூடாது. ஒவ்வொரு செல்லும் தன் இடப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முதல் மாதத்துக்கு இடப்பக்கம் இருப்பது பலகாரத்தின் பெயர். சும்மா பி5<ஏ5 என்று எழுதினால் முதல் மாதப் பத்தி முழுக்கச் சிவக்கும். எண்ணைவிட எழுத்து பெரியது என்ற அதே விதி. நடுவில் ஒரு மாதத்தை ஃபில்டரில் மறைத்தால் ஏப்ரல் பிப்ரவரியோடு ஒப்பிடப்படும், அதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் பலகாரக் கணக்குக்கு இந்த ஒப்பீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். தையில் கல்யாணம், ஆவணியில் கல்யாணம் என்று சீர்ப் பலகாரம் போகும் ஊர் இது. ஆடியும் மார்கழியும் ஒவ்வொரு வருடமும் இறங்கத்தான் செய்யும். ஒவ்வொரு வருடமும் அந்தப் பத்தி முழுக்கச் சிவந்தால் நிறத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுவீர்கள். வருடத்தைப் பத்தியில் போட்டு, மாதத்தை வரியில் போட்டு, இந்த ஆடியைப் போன ஆடியோடு ஒப்பிடுங்கள். ஃபார்முலா அதேதான், டேபிளைத் திருப்பிப் போட்டதில் அதன் அர்த்தம் சரியாகிவிடுகிறது. தமிழ் மாதப் பெயர்கள் அகரவரிசையில் ஓடி ஆடி முதலில் வந்து நிற்காமலிருக்க, எக்செல் ஆப்ஷன்ஸில் கஸ்டம் லிஸ்ட்டாகச் சித்திரை முதல் பங்குனி வரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

தேதியில் ஒரு எச்சரிக்கை. எக்செல் 2016 முதல், தேதி ஃபீல்டை வரியில் போட்டதும் தானாகவே மாதம், வருடம் என்று குரூப் ஆகிவிடும். குரூப் ஆன தேதி எழுத்தாகிவிடுகிறது. அதை டுடே() உடன் ஒப்பிட்டால் பயனில்லை. ‘அனுப்பி 10 நாள் தாண்டியது’ போன்ற ரூல் வேண்டுமானால் அன்குரூப் செய்துவிட்டுப் போடுங்கள்.

எண்ணுள்ள செல் மட்டும் அல்லாமல் கடைப் பெயரிலிருந்து வரி முழுக்க நிறம் வேண்டும் என்றால், மூன்று தேர்வுகள் உதவாது. அவை எண் பகுதிக்கு மட்டும்தான். ஏ1 இல் தொடங்கி ஏ முதல் டி வரை முழுப் பத்திகளையும் தேர்வு செய்து, 1ஆம் வரியை வைத்து எழுதுங்கள்:

=ஆண்ட்($பி1<>"",இஸ்நம்பர்($டி1),$டி1>என்($சி1)*0.08)

டேபுலர் அமைப்பில் மொத்த வரிகளில் பி பத்தி காலியாக இருக்கும். அதனால் $பி1<>"" என்ற ஒரே கேள்வியில் கடை மொத்தமும் கிராண்ட் டோட்டலும் விலகிவிடும். ‘டோட்டல்’ என்ற சொல்லை ரைட் ஃபங்ஷன் வைத்துத் தேடுவதைவிட இது நல்லது. யாராவது அதை ‘மொத்தம்’ என்று மாற்றினாலும் கெடாது. இந்த வகை ரூல் ஃபீல்டோடு கட்டப்பட்டதல்ல. ரெஃப்ரெஷ் செய்தபின் மேனேஜ் ரூல்ஸில் அப்ளைஸ் டு பெட்டி =$ஏ:$டி என்றே இருக்கிறதா, துண்டு துண்டாக உடைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்திருந்தால் அந்தப் பெட்டியிலேயே திருத்தி எழுதலாம்.

பல ரூல் சேர்ந்துவிட்டால் மேலே உள்ளது கீழே உள்ளதை வெல்லும். புதிதாக எழுதுவது எப்போதும் மேலே போய் உட்காரும். மஞ்சள் ரூலை மேலே வைத்து ஸ்டாப் இஃப் ட்ரூ டிக் செய்யுங்கள். பெயரே பொருந்தாத வரிக்குச் சிவப்பு அர்த்தமற்றது. பழைய முயற்சிகள் குவிந்து கிடந்தால் கிளியர் ரூல்ஸில் திஸ் பிவட் டேபிள் என்பதைக் கொடுத்துச் சுத்தமாக்கிவிட்டு மேலே சொன்னபடி முதலிலிருந்து போடுவது, ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட விரைவு.

டேட்டா பார், கலர் ஸ்கேல், ஐகான் செட் மூன்றிலும் வரம்பாக ஃபார்முலா கொடுக்கலாம், ஆனால் டாலர் இல்லாத முகவரியை அவை ஏற்காது. வரிக்கு வரி மாறும் வரம்பு அவற்றில் முடியாது. இரண்டாவது தேர்வோடு டேட்டா பார் போட்டால் கிராண்ட் டோட்டலின் பட்டை மட்டும் நீண்டு, மற்றதெல்லாம் கோடு போலச் சுருங்கிவிடும்.

கூகுள் ஷீட்ஸில் ஃபீல்டோடு கட்டும் வசதி கிடையாது. ரேஞ்சை ஏ5:டி என்று முடிவில்லாமல் விட்டு, கஸ்டம் ஃபார்முலா இஸ் என்பதில் $பி5<>"" கேள்வி வைத்த ஃபார்முலாவை 5ஆம் வரிக்கு மாற்றி எழுதுங்கள். அடுத்த தாளைச் சுட்டும்போது இன்டைரக்ட்("வரம்பு!ஏ:பி") என்று சுற்றித்தான் சுட்ட வேண்டும்.

மாதக் கடைசியில் இதை அச்செடுத்து மூன்று கடைக்கும் கொடுப்பீர்கள் என்றால் ஒன்று. கறுப்பு வெள்ளைப் பிரின்டரில் சிவப்பும் ஆரஞ்சும் ஒரே சாம்பல். ரூலில் எழுத்துருவையும் எழுத்தின் அளவையும் மாற்ற முடியாது. தடித்த எழுத்து, சாய்வு, அடிக்கோடு, கட்டம் ஆகியவை முடியும். சிவப்புக்குத் தடித்த எழுத்தும், ஆரஞ்சுக்கு அடிக்கோடும் சேர்த்துவிடுங்கள். தாளில் பார்க்கும் தேவகோட்டைக் கடைக்காரருக்கும் எது எது என்று தெரியும்.